அணு, அயனி, ஐசோடோப்பு: அயோடின் சிகிச்சை பெறுவோரும் அவர்தம் வீட்டாரும் அறிய

எமது அணு மருத்துவத் துறைக்குத் தைராய்டு சிகிச்சைக்காக வருவோரிடம் நாங்கள் தரும் சீட்டில் "அயோடின் 131" என்று எழுதியிருக்கும். அதைக் கண்டவுடன் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் நோயைப் பற்றியதன்று, வீட்டைப் பற்றியது. பேரக்குழந்தையைத் தூக்கலாமா? சமைக்கலாமா? எத்தனை மாதம் தனியே படுக்க வேண்டும்? அணு என்ற சொல்லைக் கேட்டதும் குண்டும் உலையும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் அவ்வச்சத்திற்குக் கொடுக்கப்படும் விலை சிறிதன்று. சிலர் சிகிச்சையே வேண்டாமென்று சென்றுவிடுகின்றனர். கட்டுப்படாத தைராய்டு மிகைச் சுரப்பு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைத்து, எலும்பையும் கரைத்த நிலையில் மீண்டும் வருகின்றனர். சிகிச்சை பெற்ற சிலர், வீட்டாரின் அச்சத்தால் தனித் தட்டு, தனிப் பாய், தனி அறை என மாதக்கணக்கில் ஒதுக்கிவைக்கப்படுகின்றனர். வேறு சிலரோ எதையும் பொருட்படுத்தாமல், மருந்து உட்கொண்ட அன்று மாலையே கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்கின்றனர்.

இம்மூன்றும் தவறு. எது எதனால் தவறு என்பதை அறிந்துகொள்ள ஒன்பதாம் வகுப்பு வேதியியல் போதும். அணு, அயனி, ஐசோடோப்பு என்று பள்ளியில் படித்து, தேர்வு எழுதி, பின்னர் மறந்துவிட்ட மூன்று சொற்களும் இச்சிகிச்சையில் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. அவற்றை இங்கே மறுபடி நினைவுகூர்வோம்.

அணுவின் உள்ளும் புறமும்

ஒவ்வோர் அணுவின் நடுவிலும் உட்கரு உள்ளது. அதில் நேர் மின்சுமை கொண்ட புரோட்டான்களும் மின்சுமை அற்ற நியூட்ரான்களும் நெருக்கமாகப் பிணைந்துள்ளன. உட்கருவைச் சூழ்ந்து எதிர் மின்சுமை கொண்ட எலக்ட்ரான்கள் உள்ளன. அணுவின் நிறை ஏறக்குறைய முழுவதும் உட்கருவிலேயே அடங்கியிருந்தாலும், அதன் குறுக்களவு அணுவின் குறுக்களவில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே. இதனை 1911ஆம் ஆண்டில் ரூதர்ஃபோர்டு வெளியிட்டார். நியூட்ரான் இருப்பதை 1932இல் சாட்விக் கண்டறிந்தார்.

ஓர் அணு எந்தத் தனிமத்தைச் சேர்ந்தது என்பதைத் தீர்மானிப்பது புரோட்டான்களின் எண்ணிக்கை மட்டுமே. 11 புரோட்டான் இருந்தால் அது சோடியம். 19 இருந்தால் பொட்டாசியம். 53 இருந்தால் அயோடின். இவ்வெண்ணையே அணு எண் என்கிறோம். புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் சேர்த்து எண்ணினால் கிடைப்பது நிறை எண். உங்கள் சீட்டிலுள்ள 131 அந்த நிறை எண்ணே. மருந்தின் அளவு 131 என்று எண்ணி, "இவ்வளவு அதிகமாகவா தருகிறீர்கள்?" என்று கேட்டவர்கள் உண்டு. அளவைக் குறிப்பது அதே சீட்டில் வேறிடத்தில் மில்லி கியூரி என்ற அலகுடன் எழுதப்பட்டிருக்கும்.

இனி வரும் அனைத்திற்கும் அடிப்படையான செய்தி ஒன்று உண்டு. ஓர் அணு மற்றோர் அணுவுடன் சேர்வது, பிரிவது, கரைவது, ஓர் உயிரணுவுக்குள் நுழைவது ஆகிய வேதியியல் செயல்கள் யாவும் புறத்தேயுள்ள எலக்ட்ரான்களைச் சார்ந்தவை. வாசலில் நிற்பவர் வாசலை மட்டுமே காண்கிறார். உள்ளறையில் எத்தனை பேர் இருக்கின்றனர் என்பது அவருக்குத் தெரியாது. நம் உடலும் அவ்வாறே. உட்கருவில் நியூட்ரான்கள் சில கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் உடலால் அதை அறிய இயலாது.

இரத்தப் பரிசோதனைத் தாளில் உள்ள சோடியம்

ஐசோடோப்புக்குச் செல்லுமுன் அயனியைப் பார்த்துவிடுவோம். இதை நீங்கள் ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறீர்கள். உள்நோயாளியாக இருந்தவர் எவராயினும் அவருடைய இரத்தப் பரிசோதனைத் தாளில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு என மூன்று வரிகள் இருக்கும். சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை, பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருப்பது இயல்பு நிலை என்று பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள்; ஆய்வகத்துக்கு ஆய்வகம் இவ்வெல்லை சிறிது வேறுபடலாம்.

பள்ளி ஆய்வகத்தில் சோடியத்தை மண்ணெண்ணெயில் மூழ்கவைத்திருந்ததை நினைவுகூருங்கள். சிறு துண்டை நீரில் இட்டால் சீறித் தீப்பற்றும் உலோகம் அது. அத்தகைய பொருள் நீரால் ஆன நம் இரத்தத்தில் எவ்வாறு அமைதியாக ஓடுகிறது? விடை, ஒரே ஓர் எலக்ட்ரானில் உள்ளது. சோடியம் அணுவில் 11 புரோட்டான்களும் 11 எலக்ட்ரான்களும் உண்டு. புறத்தேயுள்ள ஓர் எலக்ட்ரானை அது இழந்துவிட்டால் எலக்ட்ரான்கள் 10 ஆகின்றன. ஒரு நேர் மின்சுமை மிஞ்சுகிறது. இப்போது அது அணுவன்று, அயனி. நச்சு வாயுவான குளோரின் அவ்வாறே ஓர் எலக்ட்ரானைப் பெற்று, எதிர் மின்சுமை கொண்ட குளோரைடு அயனியாகிறது. இவ்விரண்டும் சேர்ந்ததே நாம் சோற்றில் இடும் உப்பு. தனிமம் மாறவில்லை, உட்கரு மாறவில்லை. ஓர் எலக்ட்ரானின் வரவு செலவில் குணம் அடியோடு மாறிவிட்டது.

அயனி என்ற பெயரை 1834இல் மைக்கேல் ஃபாரடே வழங்கினார். கிரேக்க மொழியில் செல்வது, நடப்பது என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து அமைந்தது அது. உடலைப் பொறுத்தவரை பொருத்தமான பெயர்தான். சோடியமும் பொட்டாசியமும் உயிரணுவின் சவ்வைக் கடந்து உள்ளும் வெளியும் செல்வதால்தான் நரம்பில் செய்தி பாய்கிறது, இதயம் துடிக்கிறது. சிறுநீரகம் பழுதுற்றவர்களிடம் இளநீரும் வாழைப்பழமும் வேண்டாமென்று மருத்துவர்கள் கண்டிப்பதும் இதனாலேயே. அவற்றில் மிகுதியாக உள்ள பொட்டாசியம் அயனியை வெளியேற்றச் சிறுநீரகத்தால் இயலாதபோது, அது இரத்தத்தில் தேங்கி இதயத்தின் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். உடலுக்கு நல்லது என்று அன்போடு வாங்கிவரும் ஓர் இளநீர் அவர்களுக்குத் தீங்காக முடியலாம்.

அயோடினும் அப்படியே. தனிமமாக உள்ள அயோடின் கருநிறப் படிகம்; சூடாக்கினால் ஊதா ஆவியாகும்; காயத்திற்கு இடும் கரைசலாகத் தோலைப் பழுப்பாக்கும். ஓர் எலக்ட்ரானைப் பெற்றுவிட்டால் அது நிறமற்ற அயோடைடு அயனியாகிறது. 53 புரோட்டான், 54 எலக்ட்ரான். நம் நாட்டில் உப்புடன் சேர்க்கப்படுவது பொட்டாசியம் அயோடேட் என்ற சேர்மம். உடலுக்குள் அதுவும் அயோடைடாக மாறுகிறது. தைராய்டு சுரப்பி இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்வது இந்த அயோடைடு அயனியையே.

சுரப்பியின் உயிரணுச் சவ்வில் இதற்கென்றே ஒரு வாயில் உண்டு. அது ஒரு புரதம். இரண்டு சோடியம் அயனிகளோடு ஓர் அயோடைடு அயனியைச் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்வது அதன் வேலை. அதன் மரபணு 1996இல்தான் அடையாளம் காணப்பட்டது. இரத்தத்தில் மிக நீர்த்துக் கிடக்கும் அயோடைடைப் பல மடங்கு செறிவாகச் சுரப்பிக்குள் திரட்டும் ஆற்றல் அதற்கு உண்டு. உடலின் பிற பகுதிகளில் இவ்வாயில் மிகக் குறைவு. உமிழ்நீர்ச் சுரப்பியிலும் இரைப்பையிலும் பாலூட்டும் தாயின் மார்பகத்திலும் உண்டு. இந்த மூன்றாவது இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்குத் திரும்பி வருவோம்.

ஒரே பெயர், வேறு எடை

நாம் உண்ணும் அயோடினின் உட்கருவில் 53 புரோட்டான்களும் 74 நியூட்ரான்களும் உள்ளன. நிறை எண் 127. இயற்கையில் கிடைக்கும் அயோடின் ஏறக்குறைய முழுவதும் இதுவே. அணு உலையில் உருவாக்கப்படும் அயோடின் 131இல் புரோட்டான்கள் அதே 53. நியூட்ரான்கள் மட்டும் 78. புரோட்டான் எண்ணிக்கை ஒன்றே ஆதலால் எலக்ட்ரான் அமைப்பும் ஒன்றே. எனவே வேதியியல் குணமும் ஒன்றே. இவ்வாறு புரோட்டான் எண்ணிக்கை ஒத்து, நியூட்ரான் எண்ணிக்கை வேறுபடும் அணுக்களே ஐசோடோப்புகள். தனிம அட்டவணையில் ஒரே கட்டத்தில் அமர்பவை என்பதால் "ஒரே இடம்" என்ற பொருளுடைய கிரேக்கச் சொற்களிலிருந்து அப்பெயர் அமைந்தது. 1913இல் ஃபிரெடெரிக் சாடி என்ற வேதியியலாளர் அதை அறிவியல் உலகுக்கு அளித்தார். ஆனால் அச்சொல்லை அவருக்கு எடுத்துக்கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற பெண் மருத்துவர். வேதியியல் நூல்களில் அவர் பெயர் அரிதாகவே காணப்படுகிறது. மருத்துவர்களாகிய எங்களுக்கு அதில் சிறு வருத்தம் உண்டு.

இவ்விரு அயோடினையும் தைராய்டு வேறுபடுத்தி அறியாது என்பதைச் சிகிச்சையாக்கலாம் என்று எண்ணியவர் பாஸ்டன் நகரின் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர். 1936 நவம்பரில் இயற்பியலாளர் ஒருவரின் சொற்பொழிவைக் கேட்டபின், அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கமுடையதாக ஆக்க இயலுமா என்று அவர் வினவினார். அந்த வினாவிலிருந்தே அணு மருத்துவத்தின் பெரும்பகுதி வளர்ந்தது என்பது எங்கள் கருத்து. அடுத்த ஆண்டு ஆர்தர் ராபர்ட்ஸ் என்ற இயற்பியலாளருடன் சேர்ந்து முயல்களில் ஆய்வு செய்தார். அப்போது அவர்களுக்குக் கிடைத்த அயோடின் 128, ஏறத்தாழ 25 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடக்கூடியது. சிகிச்சைக்கு அது போதாது.

இதே குறையைக் கலிபோர்னியாவில் ஜோசப் ஹாமில்டன் என்ற மருத்துவர், கிளென் சீபோர்க் என்ற இளம் வேதியியலாளரிடம் கூறினார். எவ்வளவு காலம் நீடிக்கும் அயோடின் வேண்டும் என்று சீபோர்க் கேட்க, ஒரு வாரம் அளவில் இருந்தால் நல்லது என்றாராம் ஹாமில்டன். 1938இல் சீபோர்க்கும் ஜான் லிவிங்குட்டும் அயோடின் 131ஐக் கண்டறிந்தனர். அதன் அரை ஆயுட்காலம் 8 நாள். கேட்டதற்கு இவ்வளவு நெருக்கமாக இயற்கை விடையளிப்பது அரிது. 1941இல் ஹெர்ட்ஸ் முதல் நோயாளிக்குக் கதிரியக்க அயோடினைக் கொடுத்தார். பின்னாளில் சீபோர்க்கின் தாயாரே இம்மருந்தால் பயன்பெற்றார்.

நம் நாட்டில் இதற்கான அயோடின் 131, மும்பையை அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் உலையில் உருவாக்கப்படுகிறது. மருந்து வழியிலும் தேய்ந்துகொண்டே இருக்கும் என்பதால் ஒவ்வொரு நோயாளிக்கும் நாள் குறித்து முன்கூட்டியே கேட்டுப் பெறுகிறோம். குறித்த நாளில் வர இயலாவிட்டால் சில நாள் முன்னதாகவே தெரிவியுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது அலுவலக முறைமைக்காக அன்று. உங்களுக்காக வந்த மாத்திரையை அடுத்த மாதத்திற்கென எடுத்துவைக்க இயலாது.

சுரப்பிக்குள் நிகழ்வது

127இல் அமைதியாக இருக்கும் உட்கரு, 131இல் அமைதியாக இருப்பதில்லை. நியூட்ரான்கள் தேவைக்கு மேல் உள்ளன. ஏதோ ஒரு கணத்தில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது. அப்போது ஓர் எலக்ட்ரான் பெரு வேகத்துடன் உட்கருவிலிருந்து வெளியேறுகிறது. இதுவே பீட்டாக் கதிர். புரோட்டான்கள் 53லிருந்து 54 ஆகிவிட்டதால் அது இனி அயோடினன்று. செனான் என்ற மந்த வாயு. யாரோடும் சேராத அவ்வாயு எவ்வகைத் தீங்குமின்றி இரத்தத்தில் கரைந்து மூச்சு வழியே வெளியேறிவிடும்.

பீட்டாக் கதிர் உடல் திசுவில் அதிக அளவாக 2 மில்லிமீட்டர் தொலைவே செல்லும். பெரும்பாலானவை அதற்கும் குறைவாகவே. அதற்குள் வழியிலுள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டிவிட்டு, அவற்றை அயனிகளாக்கிச் செல்கிறது. முன்பு கண்ட சோடியம் அயனி, அமைதியாகப் பிறந்த அயனி. இதுவோ வன்முறையால் பிறப்பது. அவ்வாறு எலக்ட்ரான் பறிக்கப்பட்ட மூலக்கூறுகள் உயிரணுவின் மரபுப் பொருளை முறிக்கின்றன. அவ்வுயிரணு நாளடைவில் மடிகிறது. மிகையாகச் சுரக்கும் சுரப்பி இவ்வாறே அடங்குகிறது. அறுவைக்குப் பின் கழுத்திலோ பிற இடங்களிலோ எஞ்சி, அயோடினை ஈர்க்கும் தன்மையுள்ள தைராய்டு புற்றணுக்களும் இவ்வாறே அழிகின்றன. மருந்து உட்கொண்ட வாரத்திலேயே பலன் தெரியவில்லையே என்று மிகைச் சுரப்பு நோயாளிகள் கவலைப்பட வேண்டியதில்லை. உயிரணுக்கள் மடிந்து சுரப்பு குறைய வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும்.

பீட்டாவோடு காமாக் கதிரும் வெளிவருகிறது. அது ஒளியைப் போன்றது. உடலைக் கடந்து வெளியேறும். அதைக் கொண்டே எங்கள் கேமரா மருந்து எங்கெங்கே சேர்ந்துள்ளது என்று படமெடுக்கிறது. வீட்டாரைப் பற்றி நாம் எச்சரிக்கை கொள்வதும் அதனாலேயே.

அடுப்படியில் தொடங்கும் சிகிச்சை

புற்றுநோய்க்காக இம்மருந்து பெறுவோரிடம், ஒன்றிரண்டு வாரம் முன்னரே அயோடின் குறைந்த உணவை உண்ணுமாறு கூறுகிறோம். "சிறிது உப்புதானே, அதனால் என்ன ஆகிவிடும்?" என்று எண்ணி இதைத் தளர்த்துவோர் பலர். இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

100 மில்லி கியூரி என்பது புற்றுநோய் சிகிச்சையில் வழக்கமான அளவுகளுள் ஒன்று. அதிலுள்ள அயோடின் 131இன் எடை ஒரு மைக்ரோகிராம்கூட இல்லை; அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நம் நாட்டின் விதிப்படி, வாங்குவோர் கையில் வந்து சேரும் உப்பில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். அப்படியானால் 5 கிராம் அளவுள்ள ஒரு தேக்கரண்டி உப்பில் 75 மைக்ரோகிராம். வாயிலில் ஒரு மருந்து அயனி நிற்கும்போது அதனுடன் எழுபத்தைந்து சாதாரண அயனிகள் முண்டியடித்து நின்றால், அந்தப் புரதம் எதை உள்ளே விடும்? அதற்கு இரண்டும் ஒன்றே. மருந்தில் பெரும்பகுதி வாயிலைக் காணாமலே சிறுநீரோடு போய்விடும்.

ஆகவேதான் அந்நாட்களில் அயோடின் சேர்க்காத உப்பு. கடல் மீன், இறால், கருவாடு ஆகியவற்றைத் தவிர்த்தல். கடைப் பண்டங்களையும் ஊறுகாயையும் தொடாதிருத்தல். சி.டி. பரிசோதனைக்கு நரம்பில் செலுத்தும் சாய மருந்திலும் பெருமளவு அயோடின் உண்டு. அண்மையில் அது செலுத்தப்பட்டிருந்தால் சிகிச்சையை வாரக்கணக்கில் தள்ளிவைக்க வேண்டியிருக்கும். மறவாமல் தெரிவியுங்கள். கணக்கின் மறுபக்கமும் உண்டு. கடல் மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் இம்மருந்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவ்வொவ்வாமைக்குக் காரணம் மீனின் புரதமேயன்றி அயோடின் அன்று. மேலும், இம்மாத்திரையில் உள்ள அயோடின் அன்றாட உணவில் உள்ளதைவிட மிகக் குறைவு.

சாதாரண அயோடினால் சுரப்பியை முன்கூட்டியே நிரப்பிவிட்டால் கதிரியக்க அயோடின் உள்ளே நுழையாது என்ற இதே உண்மை, வேறிடத்தில் காப்பாகவும் பயன்பட்டது. 1986இல் செர்னோபில் விபத்தின்போது வெளியான அயோடின் 131 காற்றில் பரவியபோது, போலந்து நாட்டில் ஒரு கோடி அளவிலான சிறுவர் சிறுமியருக்குச் சாதாரண அயோடைடு கரைசல் கொடுக்கப்பட்டது.

வாயிலின் மற்றொரு விந்தையையும் இங்கே சொல்லிவிடலாம். தைராய்டு படமெடுக்க நாங்கள் பெரும்பாலும் அயோடினைப் பயன்படுத்துவதே இல்லை. டெக்னீசியம் 99எம் என்பதைப் பயன்படுத்துகிறோம். அது வேறு தனிமம். ஆனால் ஆக்சிஜனோடு சேர்ந்து அது உருவாக்கும் அயனி, பருமனிலும் மின்சுமையிலும் அயோடைடை ஒத்திருப்பதால் அதே வாயில் அதையும் உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே சென்றபின் ஹார்மோனாக மாற அதனால் இயலாது. அதற்குள் நாங்கள் படத்தை எடுத்துவிடுகிறோம். அதன் அரை ஆயுட்காலம் 6 மணி நேரமே.

எத்தனை நாள்?

இனி வீட்டாரின் கேள்விக்கு வருவோம். அரை ஆயுட்காலம் 8 நாள் என்றால் 16 நாளில் முழுவதும் தீர்ந்துவிடும் என்று பலர் கருதுகின்றனர். அவ்வாறன்று. 8 நாளில் பாதி. 16 நாளில் கால் பங்கு. 24 நாளில் அரைக்கால். 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இதைக் கேட்டதும் 80 நாள் விலகியிருக்க வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். உட்கருவின் கடிகாரம் ஒன்று. உடலின் கடிகாரம் மற்றொன்று. சுரப்பி பிடித்துக்கொள்ளாத அயோடைடு அனைத்தையும் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. அதில் பெரும்பகுதி முதல் இரண்டு நாட்களிலேயே வெளியேறிவிடும். நிறைய நீர் அருந்தச் சொல்வது இதற்காகவே.

இரண்டு கடிகாரங்கள் இருப்பதால் ஒரு விந்தை நேர்கிறது. இது பல குடும்பங்களைக் குழப்புகிறது. புற்றுநோய்க்காக 100 மில்லி கியூரி பெற்றவருக்குச் சில நாள் கட்டுப்பாடும், மிகைச் சுரப்புக்காக அதில் பத்தில் ஒரு பங்கு பெற்றவருக்குக் கூடுதல் நாள் கட்டுப்பாடும் எழுதித் தருகிறோம். ஒரே தெருவைச் சேர்ந்த இருவர் சீட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்து, ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று வந்து கேட்பதுண்டு. தவறில்லை. முதலாமவருக்குச் சுரப்பி ஏற்கெனவே அகற்றப்பட்டுவிட்டது. மருந்தைப் பிடித்துவைக்க உடலில் இடமில்லை. இரண்டாமவரின் சுரப்பி முழுமையாக, பசியோடு இருக்கிறது. பெற்றதில் பெரும் பங்கைப் பிடித்து நாட்கணக்கில் வைத்துக்கொள்கிறது. எனவே பிறர் சீட்டைப் பார்த்து நாட்களைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். உங்கள் சீட்டில் எழுதிய தேதிவரை கட்டுப்பாடு. அத்தேதிக்குப் பின் கட்டுப்பாடில்லை.

அந்நாட்களில் செய்ய வேண்டியவை எளியவை. தனியே உறங்குங்கள். குழந்தைகளிடமிருந்தும் கருவுற்ற பெண்களிடமிருந்தும் இரண்டு மீட்டர் அளவாவது விலகியிருங்கள். ஒரு மீட்டர் தொலைவில் இருப்பதைவிட இரண்டு மீட்டர் தொலைவில் கதிரின் வலிமை கால் பங்காகிறது. ஒரே அறையின் எதிர்மூலையில் அமர்ந்து பேரனுடன் பேசுவதில் தடையில்லை. மடியில் நீண்ட நேரம் வைத்துக்கொள்வதில்தான் தடை. உமிழ்நீரிலும் வியர்வையிலும் சிறுநீரிலும் அயோடைடு வருவதால், தட்டும் குவளையும் துண்டும் தனியே இருக்கட்டும். வழக்கம்போல் நன்கு கழுவினால் அவை தூயவையே, பின்னர் யாரும் பயன்படுத்தலாம். தூக்கியெறிய வேண்டியதில்லை. ஆண்களும் அமர்ந்தே சிறுநீர் கழித்து, இருமுறை நீர் விட்டு, கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். மிகுந்த அளவு மருந்து பெறுவோர் மருத்துவமனையின் தனியறையில் தங்குவர்; அங்குள்ள கழிப்பறை நீர் நேரே சாக்கடையில் சேராமல் தொட்டிகளில் தேக்கப்பட்டு, கதிரியக்கம் தணிந்த பின்னரே வெளியேற்றப்படும்.

நோயாளியிடமிருந்து வரும் காமாக் கதிர் உடனிருப்போர் உடலில் பட்டால் அவர்களும் கதிரியக்கமுடையவராகிவிடுவரோ என்ற ஐயமும் உண்டு. விளக்கின் ஒளி பட்ட சுவர் தானே விளக்காகிவிடுவதில்லை. ஒளி நின்றவுடன் சுவர் இருண்டுவிடும். எக்ஸ்ரே, சி.டி. பரிசோதனை ஆகியவற்றிலும் அவ்வாறே. பரிசோதனை முடிந்த கணமே உடலில் எதுவும் எஞ்சியிருப்பதில்லை. அவற்றுக்குப் பின் குழந்தையைத் தூக்கத் தயங்க வேண்டியதில்லை.

நம் ஒவ்வொருவர் உடலிலும் பிறப்பு முதலே ஓரளவு கதிரியக்கம் உண்டு. முன்பு கண்ட பொட்டாசியத்தில் பத்தாயிரம் அணுக்களுக்கு ஒன்றளவில் பொட்டாசியம் 40 என்ற ஐசோடோப்பு உள்ளது. சராசரி உடல் எடையுள்ளவரின் உடலில் வினாடிக்கு ஏறத்தாழ 4,000 உட்கருக்கள் அதனால் சிதைகின்றன. இதைக் காட்டி, கதிரியக்கம் முற்றிலும் தீங்கற்றது என்று நாங்கள் வாதிடவில்லை. உங்கள் மாத்திரையில் நிகழும் சிதைவு இதனினும் பல லட்சம் மடங்கு பெரிது. அளவைப் பாராமல் அஞ்சுவதும் அளவைப் பாராமல் அலட்சியம் செய்வதும் வேண்டாம் என்பதற்காகவே சொல்கிறோம்.

எவ்வகைத் தளர்வும் இல்லாத இடம் ஒன்று உண்டு. கருவுற்றிருக்கும் பெண்ணுக்கு இம்மருந்து அறவே கூடாது. கருவிலுள்ள குழந்தையின் தைராய்டும் மூன்றாம் மாத அளவில் அயோடினை ஈர்க்கத் தொடங்கிவிடும்; அது நிரந்தரமாக அழிந்துபோகலாம். ஆகையால்தான் கருவுறும் வயதிலுள்ள பெண்கள் அனைவருக்கும், மணமானவரா ஆகாதவரா என்று பாராமல், கர்ப்பப் பரிசோதனை செய்கிறோம். அதில் யாரையும் ஐயுறும் நோக்கம் இல்லை. பாலூட்டும் தாயின் மார்பகத்திலும் அயோடைடு வாயில் உண்டு என்று முன்பு கூறினோம். மருந்து பாலில் சேர்ந்து குழந்தையின் சுரப்பியை அடையும். எனவே சிகிச்சைக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்னதாகவே பாலூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். அக்குழந்தைக்கு மீண்டும் தாய்ப்பால் தரலாகாது. அடுத்த பேற்றில் தாராளமாகப் பாலூட்டலாம். சிகிச்சைக்குப் பின் ஆறு மாதம் கருவுறுவதைத் தள்ளிப்போடுங்கள். ஆண்களும் சில மாதம் பொறுத்தல் வேண்டும்.

வெளியூர்ப் பயணம் செய்வோருக்கு ஒரு சொல். விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் உள்ள கதிரியக்கக் கண்டறி கருவிகள் மிக நுண்ணியவை. பிறருக்கு எவ்வகைத் தீங்கும் இல்லாத நிலையை நீங்கள் அடைந்த பின்னரும், சில வாரங்கள், சில வேளை மூன்று மாதம் வரையிலும் அவை ஒலி எழுப்பக்கூடும். மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரு சான்றுக் கடிதம் தருகிறோம். வீடு திரும்பும் நாளில் கேட்டுப் பெற்று, கடவுச்சீட்டுடன் வைத்துக்கொள்ளுங்கள்.